மண்டபத்துல வெச்சு சாயங்காலம் விட்டா அது சட்டமறுப்பு ஆகுமா?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க வரலாறு தெரிஞ்சவங்களும் வக்கீலுங்களும் இருக்கீங்க, அதான் கேக்கறேன். எங்க ஏரியால வீட்டை காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு, அதை எதிர்த்து பொம்பளைங்க எல்லாம் ரோட்டோரமா உக்காந்தாங்க. பர்மிஷன் கேட்டாங்க, கெடைக்கல, கெடைக்கலைன்னாலும் உக்காருவோம்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டே வந்து உக்காந்தாங்க. பதினோரு மணிக்கு போலீஸ் வந்து மாநகர பஸ்ல ஏத்தி பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல இறக்கி, பேர் அட்ரஸ் எழுதிக்கிட்டு, மதியம் சாம்பார் சாதம் குடுத்து, ஆறு மணிக்கு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. என் தம்பி சொல்றான், உப்பு காய்ச்சினவங்க மாசக்கணக்குல ஜெயில்ல கெடந்தாங்க, இதெல்லாம் போராட்டமா, சாப்ட்டு வீட்டுக்கு வர்றதுன்னு. எனக்கு அது சரியா படலை, ஆனா என்ன பதில் சொல்றதுன்னும் தெரியலை. இவங்க மீறினது அநியாய சட்டத்தையா இல்ல பர்மிஷன் விதியையா? அதுக்கும் சத்தியாகிரகத்துக்கும் சம்பந்தம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எழும்பூர்67:
உப்பு விஷயத்துல எந்தச் சட்டம் அநியாயமோ அதே சட்டத்தைத்தான் கையால மீறினாங்க, அதுதான் அதோட அழகு. சர்க்காருக்கு வரி கட்டாம உப்பு எடுக்கக் கூடாதுன்னு சட்டம், குனிஞ்சு ஒரு பிடி எடுத்தா முடிஞ்சுது. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல, பாத்த உடனே படிக்காதவனுக்கும் புரியும்.

ஆனா தம்பி, வேதாரண்யம்னா எல்லாரும் அந்த 100 பேரைப் பத்தியே பேசறாங்க. 1930 ஏப்ரல் 13 திருச்சியில டி.எஸ்.எஸ். ராஜன் வீட்லருந்து ராஜாஜி தலைமையில கெளம்பி 28ந்தேதி போய் சேர்ந்தாங்க, 30 காலைல உப்பு அள்ளினதும் ராஜாஜியை கைது பண்ணாங்க, அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு முக்கியமா படறது வழியில சோறு போட்டவங்க. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன்னு ஒரு வெள்ளைக்காரர், இந்த ஆளுங்களுக்கு சாப்பாடோ தங்க இடமோ குடுத்தா ஜெயில்னு ஊர் ஊரா அறிவிச்சுட்டார். ஜனங்க என்ன பண்ணாங்கன்னா சோத்துப் பொட்டலத்தை மரக்கிளையில கட்டி வெச்சிட்டு ஒதுங்கிட்டாங்க. யார் வெச்சாங்கன்னு தெரியாது, நடந்து வர்றவன் எடுத்து சாப்பிடுவான். அப்புறம் வேதாரண்யத்துல வைரப்பன்னு ஒரு சவரத் தொழிலாளி, போலீஸ்காரங்களுக்கு வேலை செய்ய மாட்டேன்னு முடிவு பண்ணினவர், மஃப்டியில வந்த ஒருத்தருக்கு பாதி சவரம் பண்ணிட்டு இருக்கறப்ப அவர் போலீஸ்னு தெரிஞ்சதும் கத்தியை கீழ வெச்சிட்டார். மிரட்டியும் முடிச்சுக் குடுக்கல. ஜெயிலுக்கு போனார். அவர் உப்பளம் பக்கமே போகலை, கடற்கரையில நின்னு போட்டோவுக்கு நிக்கலை, தன் தொழிலை ஒருத்தனுக்கு செய்ய மறுத்தார், அவ்வளவுதான். எனக்கு அந்த மொத்த போராட்டத்துலயும் உச்சம் அது.

அதனால ஜெயில்ல எத்தனை மாசம்னு மட்டும் பாத்து அளக்காதீங்க.

ஐகோர்ட்_ஜூனியர்:
சட்டப் பக்கம் மட்டும் நான் சொல்றேன். சென்னையில கூட்டம், ஊர்வலம் எதுக்கும் பர்மிஷன் கேக்கச் சொல்றது சென்னை மாநகர காவல் சட்டம் 1888, பிரிவு 41. அஞ்சு நாள் முன்னாடி மனு குடுக்கணும். இதே பிரிவுல கமிஷனர் தடை உத்தரவு போட்டா 15 நாள் வரைக்கும்தான் நிக்கும், ஆனா அது முடிய முடிய புதுசா போட்டுட்டே வருவாங்க, அதனால நடைமுறையில தடை எப்பவும் இருக்கற மாதிரிதான். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம்னு சில இடத்துக்குத்தான் வழக்கமா அனுமதி. 2017க்கு அப்புறம் மெரினா கெடையவே கெடையாது.

பர்மிஷன் இல்லாம உக்காந்தா முன்னாடி பழைய தண்டனைச் சட்டமான ஐபிசில 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அதிகாரி உத்தரவை மீறினது) போடுவாங்க. 2024 ஜூலை 1லருந்து அது புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ல 189, 223 ஆயிடுச்சு. 2018 செப்டம்பர்ல நம்ம ஐகோர்ட் ஜீவானந்தம் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு, 188க்கு போலீஸ் தானா எஃப்ஐஆர் போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலமா மாஜிஸ்திரேட்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுக்கணும், அமைதியா கூடி கோரிக்கை வெச்சதையே சட்டவிரோதக் கூட்டம்னு சொல்ல முடியாதுன்னு. இந்த தீர்ப்பை வெச்சு நிறைய வழக்கு ரத்தாகிட்டே இருக்கு. ஆனாலும் எஃப்ஐஆர் விழறது நிக்கல, ரத்து பண்ண நாமதான் ஐகோர்ட் படி ஏறணும்.

பெரம்பூர் சார், மண்டபத்துல வாங்கின கையெழுத்து எதுலன்னு அந்த அம்மாங்கள்ல யாராவது படிச்சாங்களா? எஃப்ஐஆர் போட்டாங்களா இல்லையான்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க. தமிழ்நாடு போலீஸ் சைட்லயே பாக்கலாம்.

கடலோரம்:
நான் மாத்தி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வெள்ளைக்காரன் காலத்துல எல்லாருக்கும் ஓட்டு இல்ல, ஆட்சியும் கோர்ட்டும் நம்ம கையில இல்ல, அதனால மீறினாங்க. இப்ப எல்லாம் இருக்கறப்ப மீறறதுக்கு என்ன நியாயம்? இது நான் சொல்றது இல்ல, அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அரசியல் நிர்ணய சபையில சொன்னது. சட்டப்படியான வழி திறந்திருக்கறப்ப சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் மூணையும் கைவிடணும், அது அராஜகத்துக்கு வழின்னு. அவர் வாயால மட்டும் சொன்ன ஆள் இல்ல. 1927 மார்ச் 20 மகாராஷ்டிராவுல மகாட்ங்கற ஊர்ல, தாழ்த்தப்பட்ட ஜனங்களை விடாம வெச்சிருந்த சவுதார் குளத்துல இறங்கி தண்ணி குடிச்சப்ப அவர் எந்தச் சட்டத்தையும் மீறலை, பம்பாய் சட்டசபை தீர்மானம் 1923லயே பொதுக்குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டாச்சு. 1927 டிசம்பர்ல மறுபடி போனப்ப எதிர்த்தரப்பு கோர்ட்ல தடை வாங்கிட்டாங்க, ஆயிரக்கணக்குல ஜனம் கூடி நின்னும் அவர் குளத்துக்கு போகாம நிறுத்தினார். கேஸ் நடத்தி 1937ல பம்பாய் ஐகோர்ட்ல ஜெயிச்சார்.

இன்னொன்னு, ரோட்ல உக்கார்றவங்க மீறறது நோட்டீஸ் போட்ட சட்டத்தை இல்ல, டிராஃபிக்கை. அந்த நோட்டீஸுக்கு சம்பந்தமே இல்லாத ஒருத்தர் ஜிஹெச்சுக்கு டயாலிசிஸ் போயிட்டு இருப்பார், அவர் ஏன் விலை குடுக்கணும்? எங்க அப்பாவோட நான் ஆம்புலன்ஸ்ல மறியல்ல மாட்டி நின்னிருக்கேன், அன்னிக்கு ஒரு கோஷம்கூட என் காதுல ஏறலை.

வண்ணாரப்பேட்டை_அக்கா:
கடலோரம் தம்பி, அப்பா நல்லா இருக்காரா? ஆம்புலன்ஸை மறிக்கறவன் யாரா இருந்தாலும் தப்பு, அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. எங்க தெருவுல 2020 பிப்ரவரியில குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து பொம்பளைங்க ராப்பகலா உக்காந்தப்ப மொதல்ல பேசி வெச்சதே வழி விடறதைப் பத்திதான்.

ஆனா நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. 1927 டிசம்பர்ல நின்னது 1937ல முடிஞ்சுதுன்னீங்க. பத்து வருஷம். பெரம்பூர்ல வீட்டை இடிக்கறதுக்கு நோட்டீஸ்ல எத்தனை நாள் குடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? வழி திறந்திருக்குன்னு சொன்னா யாருக்கு, எத்தனை நாள்ல, எவ்வளவு பீஸுக்குன்னு சேத்து சொல்லணும்ல? 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் பில்டிங் வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் பதிமூணு நாள் உக்காந்தாங்க, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டல குப்பை வேலையை தனியாருக்கு குடுத்ததை எதிர்த்து. கோர்ட் காலி பண்ணச் சொல்லிச்சு, நடு ராத்திரி பஸ்ல ஏத்தினாங்க. அதுல பாதிக்கு மேல பொம்பளைங்க, தினக்கூலி. அவங்க உக்காந்த ஒவ்வொரு நாளும் சம்பளம் போச்சு. மண்டபத்துல சோறு போட்டாங்கங்கறதை மட்டும் கணக்கு எடுக்கறவங்க அந்தக் கூலியையும் கணக்குல எடுக்கணும். கவர்மென்ட் உத்யோகத்துல இருக்கறவர் ஒரு நாள் லீவு போட்டு உக்கார்றதும் இவங்க உக்கார்றதும் ஒண்ணு கெடையாது.

1938ல நடந்ததையும் யாராவது எழுதுங்க. எழும்பூர் ஐயா?

எழும்பூர்67:
எழுதறேன்மா, அதை எழுதாம இந்தப் பேச்சு முடியாது.

1937ல ராஜாஜி சென்னை மாகாண பிரதமர் ஆனார், 1938ல பள்ளிக்கூடத்துல இந்தி கட்டாயம்னு உத்தரவு. சௌகார்பேட்டைல இந்து தியாலஜிகல் ஹைஸ்கூல் வாசல்ல தினமும் மறியல். கல் எறியலை, யாரையும் தள்ளலை, கோஷம் போட்டு நின்னாங்க, கைதானாங்க, அடுத்த நாள் வேற ஆளுங்க வந்தாங்க. நவம்பர் 13 சென்னையில பெண்கள் மாநாடு, பெரியார்னு பேர் வந்தது அங்கதான், அதுக்கு மறுநாள்லருந்து பொம்பளைங்களும் மறியல்ல நின்னு ஜெயிலுக்கு போனாங்க. மொத்தமா 1,198 பேர் கைது, 1,179 பேருக்கு தண்டனை, அதுல 73 பெண்கள், அவங்களோட 32 குழந்தைங்க. கைக்குழந்தையை இடுப்புல வெச்சிட்டு ஜெயில் வாசல்ல நின்ன அந்த தாய்மார்களை நெனைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும்.

நடராசன்னு ஒரு பையன், ஜெயில்ல உடம்பு முடியாம போச்சு, மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்டுடறோம்னாங்க, மாட்டேன்னுட்டான். 1939 ஜனவரி 15 செத்துப் போனான். மார்ச்ல தாளமுத்து. எழும்பூர்ல சிஎம்டிஏ ஆபீஸுக்கு பிளான் அப்ரூவலுக்கு போறோமே, அந்த பில்டிங்தான் தாளமுத்து நடராசன் மாளிகை. பேர் பலகையைப் பாத்துட்டே தெனமும் எத்தனையோ பேர் உள்ள போறாங்க, யார் அந்த ரெண்டு பேர்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுங்க. சமாதி மூலக்கொத்தளத்துல இருக்கு.

இதுல எனக்கு ஆறாத விஷயம், மறியல் பண்ணவங்க மேல போட்டது கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். வெள்ளைக்காரன் காங்கிரஸ் தொண்டர்களை உள்ள தள்ள வெச்சிருந்த அதே சட்டம். 1930ல வேதாரண்யத்துல உப்பு அள்ளி ஜெயிலுக்கு போன ராஜாஜியே எட்டு வருஷத்துல அதை எடுத்து இவங்க மேல வீசினார். நாற்காலியில உக்காந்ததும் எதிர்ல நிக்கறவன் கலகக்காரனா தெரியறது யாருக்கும் வரும், அதனாலதான் நம்ம ஆட்சிதானேங்கற பேச்சை நான் ஏத்துக்கறது இல்ல. 1940 பிப்ரவரியில கவர்னர் எர்ஸ்கின் அந்த கட்டாயத்தை வாபஸ் வாங்கினார்.

கடலோரம்:
ஐயா, விஷயம் புரியுது. அப்பா இப்ப நல்லா இருக்கார்க்கா, கேட்டதுக்கு நன்றி. ஆனா நீங்க சொல்ற எல்லா உதாரணத்துலயும் பள்ளிக்கூட வாசல், உப்பளம்னு சரியான இடத்துல நின்னாங்க. விலையை அவங்களே குடுத்தாங்க. என் கேள்வி இன்னும் அப்படியேதான் நிக்குது. சம்பந்தமில்லாத சட்டத்தை மீறலாமா?

ஐகோர்ட்_ஜூனியர்:
இதுக்கு அமெரிக்காவுல அப்படியே ஒரு வழக்கு இருக்கு சார். பர்மிங்ஹாம், 1963. அங்கயும் ஊர்வலத்துக்கு பர்மிஷன் வேணும்னு நகராட்சி சட்டம், கறுப்பின மக்கள் உரிமைக்காக போராடறவங்க கேட்டா கமிஷனர் புல் கானர் தர மாட்டேன்னுட்டார், மேல கோர்ட்லயும் தடை வாங்கிட்டாங்க. மார்ட்டின் லூதர் கிங் தடையை மீறி ஏப்ரல் 12, புனித வெள்ளி அன்னிக்கு நடந்தார், உள்ள போனார். ஜெயில்லருந்து அவர் எழுதின கடிதத்துல நீங்க கேட்டதுக்கே பதில் இருக்கு. பர்மிஷன் வாங்கணும்ங்கற விதியில தப்பே இல்ல, ஆனா கறுப்பர், வெள்ளையர்னு பிரிச்சு வெக்கற முறையை காப்பாத்தவும் ஜனங்க அமைதியா கூடற உரிமையை பறிக்கவும் அதே விதி பயன்படும்போது அது அநியாயமாயிடுதுன்னு சொல்றார். மீறறவன் மறைஞ்சு மீறக் கூடாது, பகிரங்கமா, மனசுல அன்போட, தண்டனைக்கு தயாரா மீறணும்னும் அங்கதான் சொல்றார்.

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு விதமா முடிஞ்சுது. 1967ல கோர்ட் தடையை மீறினதுக்கு தண்டனை சரின்னு சொல்லிட்டாங்க, கிங் திரும்பவும் ஜெயிலுக்கு போனார். 1969ல கிங்கோட சேந்து போராடின பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த்தோட வழக்குல அந்த பர்மிஷன் சட்டத்தை அங்க பயன்படுத்தின விதமே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தண்டனையை ரத்து பண்ணாங்க. அதனால பெரம்பூர்ல உக்காந்தவங்க மீறினது வெறும் பர்மிஷன் விதின்னு சொல்லி தள்ளிட முடியாது. கேட்டும் எங்கயும் தரலைன்னா அந்த விதியே பேச்சை அடைக்கற பூட்டா மாறிடுது. ஆனா கடலோரம் சொன்ன ஆம்புலன்ஸ் விஷயம் இதனால சரியாகிடாது, ரோட்டோரம் உக்கார்றது வேற, ரோட்டை அடைக்கறது வேற.

சைதை_மாணவன்:
நான் காலேஜ் ஃபைனல் இயர். 2017 ஜனவரில நான் ஸ்கூல் பையன், ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அண்ணனோட மெரினா போனேன், 17ந்தேதி ஆரம்பிச்சு 23 வரைக்கும் நடந்துச்சு. பசங்களே டிராஃபிக் பாத்தாங்க, குப்பை பொறுக்கினாங்க, ராத்திரி மொபைல் லைட் அடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. 21ந்தேதி அவசரச் சட்டம் வந்துச்சு, 23ந்தேதி காலைல அடிதடி, ஐஸ் ஹவுஸ் ஸ்டேஷன்ல தீ. ஆறு நாள் அமைதியா இருந்தது எப்படி ஒரு காலைல கைவிட்டுப் போச்சுன்னு எனக்கு இன்னும் புரியலை. அடிக்க வர்றப்ப திருப்பி அடிக்காம இருக்கறது எல்லாராலயும் முடியுமா?

எழும்பூர்67:
தானா முடியாது தம்பி, பழகணும். அமெரிக்காவுல நாஷ்வில்னு ஒரு ஊர்ல 1960ல கறுப்பின மாணவர்கள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு கவுன்டர்ல போய் உக்காந்தாங்க, அதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே ஜேம்ஸ் லாசன்னு ஒருத்தர் சர்ச்சுல வெச்சு பயிற்சி குடுத்தார். அவர் இந்தியாவுல இருந்து காந்தி வழியை படிச்சிட்டுப் போனவர். ஒருத்தன் உக்காருவான், கூட்டாளியே அவனை அசிங்கமா திட்டுவான், தள்ளுவான், இவன் கையை தூக்காம உக்காந்திருக்கணும். நெஜமான அன்னிக்கு அடி விழுந்தப்ப உடம்புக்கு அது ஏற்கனவே தெரிஞ்ச விஷயமா இருந்துச்சு. வேதாரண்யத்துக்கும் வந்தவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போகலை, பொறுக்கி எடுத்துதான் போனாங்க. மெரினாவுல லட்சக்கணக்குல தானா வந்த கூட்டம், அவ்வளவு நாள் கட்டுப்பாடா இருந்ததே பெரிய விஷயம், ஆனா கலையறப்ப யார் சொன்னா யார் கேக்கணும்ங்கற ஏற்பாடு இல்ல.

இங்க ராயப்பேட்டை ஹை ரோட்ல பொட்டி ஸ்ரீராமுலு நினைவு இல்லம் இருக்கு, மயிலாப்பூர்காரங்க தெனம் தாண்டிப் போற இடம். ஆந்திரா தனி மாநிலம் கேட்டு 1952 அக்டோபர் 19 அந்த வீட்ல உண்ணாவிரதம் ஆரம்பிச்சார், டிசம்பர் 15 உயிர் போச்சு. யாரையும் ஒரு வார்த்தை கடுமையா சொல்லாத மனுஷன். அவர் செத்த மறுநாள் ஆந்திரா பக்கம் ரயில்வே ஸ்டேஷன்லாம் சூறையாடி, துப்பாக்கிச் சூட்ல ஜனங்க செத்தாங்க. அகிம்சையை ஒருத்தர் மட்டும் சுமந்தா அவர் போனப்புறம் அதைத் தாங்க ஆள் இருக்காது.

ஐகோர்ட்_ஜூனியர்:
உண்ணாவிரதம்னதும் ஒண்ணு, ஜாக்கிரதையா இருங்க. தற்கொலை முயற்சிங்கற பழைய 309 இப்ப இல்ல, ஆனா பிஎன்எஸ் 226 இருக்கு. அரசு ஊழியரை தன் கடமையை செய்யவோ செய்யாம இருக்கவோ கட்டாயப்படுத்த தற்கொலைக்கு முயற்சி பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல சமூக சேவை. சாகும் வரை உண்ணாவிரதம்னு பேனர் கட்டறவங்க மேல இதை இழுக்க முடியும். 309ஐ வெச்சுத்தான் மணிப்பூர்ல ராணுவ சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளாவை 2000லருந்து 2016 வரைக்கும் விட்டு விட்டு புடிச்சு மூக்கு வழியா குழாய்ல உணவு ஏத்தினாங்க.

வண்ணாரப்பேட்டை_அக்கா:
பேர் எழுதிக் குடுக்காம ஓடறவங்க, மூஞ்சியை மூடிக்கிட்டு பஸ் கண்ணாடி ஒடைக்கறவங்க, இவங்களையும் பெரம்பூர் பொம்பளைங்களையும் டிவியில ஒரே வரியில போராட்டக்காரர்கள்னு சொல்றப்பதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. முன்கூட்டியே ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்து உக்காந்து, பஸ்ல ஏறச் சொன்னா ஏறி, பேர் கேட்டா சொந்தப் பேரையே சொன்னவங்க அவங்க. மண்டபமா ஜெயிலான்னு முடிவு பண்றது போலீஸ். அன்னிக்கு கோர்ட்டுக்கு கொண்டுபோயிருந்தாலும் போயிருப்பாங்க, அதுக்கு தயாராத்தானே வீட்ல சொல்லிட்டு வந்தாங்க. பெரம்பூர் தம்பி, உங்க தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க.

எழும்பூர்67:
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கறேன். 1957 நவம்பர் 26, சாதியை பாதுகாக்கற பிரிவுகள்னு சொல்லி பெரியார் அழைப்புல ஆயிரக்கணக்கானவங்க அரசியல் சட்டத் தாளை கொளுத்தினாங்க. அதுக்கு முன்னாடியே சட்டசபையில அவசரமா 3 வருஷம் வரைக்கும் தண்டனைன்னு புதுச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க, அது தெரிஞ்சேதான் கொளுத்தினாங்க. கோர்ட்ல எதிர்வழக்காடலை, ஆமா கொளுத்தினேன்னு ஒத்துக்கிட்டு சுமார் 3,000 பேர் ஜெயிலுக்கு போனாங்க. நெறைய பேர் விவசாயக் கூலிங்க. அவங்க கருத்தை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் வேற விஷயம், அந்த நேர்மைக்கு முன்னாடி நான் எழுந்து நிப்பேன்.

சைதை_மாணவன்:
வக்கீல் சார் ஒரு டவுட். என் ஃப்ரெண்ட் மேல இந்த மாதிரி அமைதியா உக்காந்ததுக்கு 143, 188ல எஃப்ஐஆர் இருக்கு. இப்ப கவர்மென்ட் எக்ஸாம் அப்ளிகேஷன்ல உங்க மேல வழக்கு இருக்கான்னு கேக்கறாங்க. வீட்ல எல்லாரும் இல்லைன்னு போட்டுடுன்னு சொல்றாங்க. என்ன பண்றது?

ஐகோர்ட்_ஜூனியர்:
இல்லைன்னு மட்டும் போட வேணாம்னு சொல்லு தம்பி. வெரிஃபிகேஷன்ல வந்துடும், அப்ப வழக்கை விட மறைச்சதுதான் பெரிய தப்பாகும். 2016ல சுப்ரீம் கோர்ட் அவ்தார் சிங் வழக்குல இதைப் பத்தி விவரமா சொல்லியிருக்கு, சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்பமான விஷயத்தை, மறைச்சிருந்தாக்கூட, வேலை குடுக்கறவங்க பெருசா எடுத்துக்காம விடலாம்னு. விடலாம்னுதான் சொல்லியிருக்கு, விட்டே ஆகணும்னு இல்ல. அதனால உண்மையை எழுதி, பக்கத்துலயே குற்ற எண், ஸ்டேஷன், பிரிவு எல்லாம் போடச் சொல்லு. எஃப்ஐஆர் காப்பி, ஆதார், எந்த ஸ்டேஷன்ங்கற விவரம் மூணும் எடுத்துக்கிட்டு ஐகோர்ட் வளாகத்துல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துக்கு போகச் சொல்லு, வக்கீல் வெச்சு ஜீவானந்தம் தீர்ப்பை காட்டி ரத்து மனு போடலாம். பெரம்பூர் சார், உங்க ஏரியா அம்மாங்க மேலயும் எஃப்ஐஆர் இருந்தா எல்லாரும் சேந்தே ஒரே மனுவா போடலாம், தனித்தனியா செலவு பண்ண வேணாம். நோட்டீஸ் காப்பியையும் கொண்டு வரச் சொல்லுங்க, தேதி பாக்கணும்.